மயங்காத கை

அந்த ஆஸ்பத்திரியில் அவளுக்குக் காஸ் அக்கா என்று பெயர். பெரிய டாக்டரில் இருந்து தரை துடைக்கிற அம்மா வரைக்கும் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அதைக் கேட்ட வெளியாட்கள் சமையல் சிலிண்டர் இன்னும் வரவில்லை என்று அவளிடம் புகார் சொன்னதும் உண்டு. அவள் வேலை வேறு. ஆபரேஷன் தியேட்டரில் மயக்க காஸ் கொடுக்கிற மிஷினைக் காலையில் தயார் செய்ய வேண்டும், குழாய்களைப் பொருத்த வேண்டும், மருந்து தீர்ந்தால் ஊற்ற வேண்டும், டாக்டர் திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டினால் சரியான சாமானை அந்தக் கையில் வைக்க வேண்டும். ஜன்னலே இல்லாத அந்த அறையில் இப்படியே இருபத்தாறு வருஷம் ஓட்டிவிட்டாள். வெளியே மழையா வெயிலா என்று அவளுக்குச் சாயங்காலம்தான் தெரியும்.

நாமெல்லாம் மயக்கம் என்றால் ஏதோ நல்ல தூக்கம் என்று நினைத்துக்கொண்டு இருக்கிறோம். அதில் மூன்று சங்கதி இருக்கிறது. ஒரு மருந்து ஆளை உறங்க வைக்கும். ஒன்று வலியைக் குறைக்கும். இன்னொன்று உடம்பை அசையவிடாமல் கட்டிப்போடும். அதைக் கொடுத்த பிறகு கண் இமையைக்கூடத் தூக்க முடியாது, மூச்சைக்கூட மிஷின்தான் விடும். கட்டிப்போடுகிற மருந்து மட்டும் வேலை செய்து, உறங்க வைக்கிறது வேலை செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று யாராவது யோசித்துப் பார்த்திருக்கிறோமா? காஸ் அக்கா யோசித்தாள். ஒன்பது வருஷமாக வேறெதையும் அவள் அவ்வளவு யோசித்ததில்லை.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை. கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு ஒரு தையல்காரம்மா படுத்திருந்தாள். தினமும் காலை மிஷினைப் பரிசோதித்து ஒரு தாளில் பதினாலு கட்டங்களில் டிக் போட வேண்டும் என்பது விதி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எல்லோரும் கட்டம் கட்டமாகத்தான் போடுவார்கள். கை பழகிவிட்டால் மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. அன்றைக்கும் இழுத்தாள். காஸாக மாறுகிற மயக்கத் திரவத்தை ஊற்றி வைக்கிற டப்பாவின் பக்கத்தில் சின்னக் கண்ணாடி ஒன்று இருக்கும், அதில் அளவு தெரியும். பழைய மருந்தின் கறை அந்தக் கண்ணாடியில் கோடாகப் படிந்திருந்தது. நாலடி தள்ளி நின்று பார்த்தால் பாதி டப்பா நிறைந்திருக்கிறது என்று சத்தியம் செய்யலாம். அவள் நாலடி தள்ளி நின்றுதான் பார்த்தாள்.

பாதி ஆபரேஷனில் அந்தம்மாவின் நாடி தறிகெட்டு ஓடியது. பிளாஸ்திரி ஒட்டி மூடியிருந்த கண்ணோரத்தில் தண்ணீர் வழிந்தது. அப்போதிருந்த மயக்க டாக்டர் ரத்த அழுத்தத்துக்கு ஒரு ஊசியைப் போட்டுவிட்டு, ஆபரேஷன் செய்கிற டாக்டரோடு குளியலறைக்கு என்ன நிறத்தில் டைல்ஸ் போடலாம் என்ற விவாதத்தைத் தொடர்ந்தார். காஸ் அக்கா மட்டும் எதேச்சையாகக் குனிந்து டப்பாவை ஆட்டிப் பார்த்தாள்.

"அடக் கடவுளே, காலியா இருக்கே."

மயக்க டாக்டரின் முகம் வெளிறிப்போனது. ஊற்று, ஊற்றிவிட்டு வாயை மூடிக்கொண்டு இரு என்றார். ஊற்றினாள். மூடிக்கொண்டாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டதில், தையல்காரம்மா மருந்தில்லாமல் கிடந்தது பதினோரு நிமிஷம்.

மறுநாள் வார்டுக்குக் குழாய் கழற்றப் போனபோது அந்தம்மா இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கிழிக்கிறது தெரிந்தது என்றாள். கத்தினேன், சத்தம் வரவில்லை என்றாள். குளியலறைக்கு வெள்ளை வேண்டாம், அழுக்கு காட்டும் என்று ஒருவர் சொன்னதையும், காலியாக இருக்கிறது என்று ஒரு பெண் குரல் சொன்னதையும் அட்சரம் பிசகாமல் ஒப்பித்தாள். பிறகு, டாக்டர்கள் எல்லோரும் நான் கனவு கண்டேன் என்கிறார்கள், நீயாவது சொல் என்று முகத்தையே பார்த்தாள்.

"கனவும்மா," என்றாள் காஸ் அக்கா, குரலை ரொம்பத் தாழ்த்தி. "மயக்க மருந்து போட்டா இப்படித்தான் என்னென்னமோ தோணும்."

அவ்வளவுதான். அந்த டாக்டர் இரண்டு வருஷத்தில் வேறு ஊருக்குப் போய்விட்டார். இவள் எங்கே போவாள்? தையல் கடை இவள் வீட்டுக்குப் போகிற வழியிலேயே இருந்தது. அன்று முதல் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக்கொண்டு பின் சந்து வழியாகத்தான் வருவாள். எட்டு நிமிஷம் அதிகம். மழைக்காலத்தில் அந்தச் சந்தில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். அதிலும் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடப்பாளே தவிர, நேர் வழிக்குத் திரும்ப மாட்டாள். தையல்காரம்மா விளக்கை அணைத்தால் அலறுகிறாளாம், புருஷன் அவளை மனநோய் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனானாம் என்று பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டார்கள். கேட்ட அன்றைக்கு இவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

தியேட்டரில் அவளுக்கு ஒரு பழக்கம் வந்தது. ஆளுக்கு மயக்கம் ஏறியதும் காதருகே குனிந்து, இதோ முடிந்துவிடும், பயப்படாதே என்று சொல்லிவிட்டு வருவாள். யாராவது நடுவில் டைல்ஸ், மாப்பிள்ளை, கார் என்று ஆரம்பித்தால் முறைப்பாள். காஸ் அக்கா பிணத்தோடும் குசலம் விசாரிப்பாள் என்று கூட வேலை பார்க்கிற பிள்ளைகள் கேலி செய்தார்கள். செய்யட்டும். பதினாலு கட்டத்திலும் தனித்தனியாக டிக் போட்டாள், டப்பாவை முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். எல்லாம் செய்தும் மூடிய கண்ணைப் பார்க்கிறபோதெல்லாம், உள்ளே இருக்கிறாயா என்று கேட்கத் தோன்றும்.

இந்த நிலைமையில்தான் அவள் தம்பி வாயை வைத்தான். மாடியில் பெண்டாட்டியோடு குடியிருக்கிறவன், காலேஜில் இயற்பியல் வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை காலையில் டீ குடிக்கக் கீழே வருவான். ஊரில் இருக்கிற ஆராய்ச்சியை எல்லாம் படித்துவிட்டு, கேட்பதற்கு ஆள் கிடைக்காமல் அக்காவின் தலையில் கட்டுவான். அன்றைக்கு அவன் எடுத்த விஷயம் அவள் தொழிலையே தொட்டது. நினைவு, உணர்வு என்கிறோமே, அது மூளையில் எங்கே இருக்கிறது என்பது இன்னும் யாருக்கும் தெரியாது என்றான். மூளையின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மயிரைப் பல ஆயிரமாகப் பிளந்தது போன்ற பொடிக் குழாய்கள் இருக்கின்றன. அணுவுக்குள் நடக்கிற குவாண்டம் விதிகள் அங்கேயும் செல்லுபடியாகின்றன, உணர்வே அதில் இருந்துதான் வருகிறது, மயக்க காஸ் போய் அதைத்தான் நிறுத்துகிறது என்று ஒரு கட்சி சொல்கிறது. மூளை என்ன, சுடச்சுட, ஈரமாக, நெரிசலாக இருக்கிற இடம்; அந்தச் சந்தடியில் குவாண்டம் நிலை கண் இமைக்கிற நேரம்கூடத் தாங்காது, போய் வேலையைப் பாருங்கள் என்று எதிர்க் கட்சி சிரிக்கிறது. ஒரே வாயுவில் இரண்டு வகை எடுத்து எலிகளுக்குக் கொடுத்தார்களாம்; எல்லாம் ஒன்றுதான், அணுவின் கருவில் இருக்கிற சுழற்சி மட்டும் வேறு. சுழற்சி உள்ள வகை கொஞ்சம் குறைவாகத்தான் மயக்கியதாம். அதை வைத்தும் சண்டை, இன்னும் ஓயவில்லை.

காஸ் அக்கா டீயை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"அப்போ காஸ் குடுத்தா ஆள் எங்கடா போறாங்க?"

"அதான்க்கா, யாருக்கும் தெரியாது."

"தெரியாமலா இருபத்தாறு வருஷமா என்னை ஊத்த விட்டாங்க?"

தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இதுவரை ஒருத்தியை நினைத்துத்தான் வெந்துகொண்டிருந்தாள். இப்போது எல்லோரையும் நினைத்தாள். அணைந்துபோனார்கள் என்று நாம் சொல்கிறோமே, ஒருவேளை காஸ் ஞாபகத்தை மட்டும் துடைத்துவிட்டு ஆளை உள்ளேயே விட்டுவைக்கிறதோ? அப்படி எத்தனை ஆயிரம் பேர்?

அடுத்த ஞாயிறும், அதற்கடுத்த ஞாயிறும் அவளே விஷயத்தை இழுத்தாள். அளந்து பார்க்கிற வரைக்கும் ஒரு துகள் இப்படியும் இருக்கும், அப்படியும் இருக்கும், அளந்தால்தான் ஏதாவது ஒன்றாக ஆகும் என்று தம்பி ஒரு நாள் சொன்னதை அவள் விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டாள். மூழ்குகிறவளுக்கு அது போதாதா? தையல்காரம்மா கதையை, யாரோ ஒருத்தி என்று மாற்றி, அவனிடம் சொன்னாள். அன்றைக்கு யாரும் அவளை அளக்கவில்லை, கேட்கவில்லை. அப்படியானால் அவள் முழித்திருந்தாள் என்று முடிவே ஆகவில்லைதானே?

தம்பி கண்ணாடியைக் கழற்றினான். அவனுக்குப் பாதி புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

"அக்கா, அவங்க எலக்ட்ரான் இல்ல. வேற யாரும் அளக்கலைன்னா என்ன, அவங்களுக்கே தெரியும்ல?"

அதோடு இந்தப் பேச்சையே அவள் எடுக்கவில்லை.

உடம்பு அதுபாட்டுக்கு வேறு கணக்குப் போட்டது. பித்தப்பையில் கல். வலி வந்தால் சுருண்டு விழுவாள். எடுத்துவிட வேண்டும், சின்ன வேலை, மறுநாளே வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். சின்ன வேலையாம். அந்த மேஜையில் படுத்துக்கொள்வது என்றால் என்ன என்று அவளுக்கல்லவா தெரியும்? நாலு மாதம் சாக்குச் சொன்னாள். கடைசியில் காய்ச்சலும் கண்ணில் மஞ்சளும் வந்து, இனியும் தள்ளினால் உயிருக்கே உத்தரவாதம் இல்லை என்று இப்போதைய மயக்க டாக்டர் சத்தம் போட்டார். அவர் இவளைவிடச் சின்னவர். இவள் அவரை மேடம் என்று கூப்பிட்டாலும் அவருக்கு இவளிடம் ஒரு மரியாதை உண்டு.

காஸ் அக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். கட்டிப்போடுகிற ஊசியைப் போடுவதற்கு முன்னால் வலது கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்து இறுக்கிவிட வேண்டும். அப்படிச் செய்தால் அந்த மருந்து கைக்குள் இறங்காது. உடம்பு முழுக்கக் கட்டுண்டு கிடந்தாலும் அந்த ஒரு கை மட்டும் சுதந்திரமாக இருக்கும். முழித்திருக்கிற ஆள் அதை அசைத்துச் சொல்லலாம். பழைய முறைதான், வேலை மெனக்கெட்டு யாரும் செய்வதில்லை.

"என் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கேளுங்க மேடம். நடுவுல கேளுங்க. அமுக்கினா எத்தனை மணிக்குன்னு எழுதி வைங்க. அப்புறம் என்கிட்ட மறைக்கக் கூடாது."

மேடம் சரி என்றார்.

புதன்கிழமை காலையில், இருபத்தாறு வருஷமாக நின்று பார்த்த விளக்கை அவள் முதல்முறையாகப் படுத்துப் பார்த்தாள். அந்தக் கோணத்தில் கூரையில் ஒரு ஈரத் திட்டு தெரிந்தது. இத்தனை நாள் அது கண்ணில் பட்டதே இல்லை. பட்டை சுற்றிய அவள் வலது கையைத் தியேட்டர் சிஸ்டர் பிடித்துக்கொண்டாள். டப்பா நிறைந்திருக்கிறதா என்று காஸ் அக்கா கேட்டாள். நிறைந்திருக்கிறது என்றார்கள். ஆட்டிப் பாருங்கள் என்றாள். ஆட்டிக் காட்டினார்கள். அடுத்த விநாடி அவள் வார்டில் இருந்தாள், வாய் உலர்ந்திருந்தது, ஜன்னலில் வெயில்.

நடுவில் ஒன்றுமே இல்லை. கனவில்லை, சத்தமில்லை, நேரம் போனது கூடத் தெரியவில்லை. அவளுக்கு அழுகை வந்தது, சந்தோஷ அழுகைதான். ஆக, காஸ் வேலை செய்கிறது. ஆள் அணைந்துதான் போகிறார்கள். இத்தனை ஆயிரம் பேரும் நிம்மதியாகத்தான் கிடந்திருக்கிறார்கள். ஒரே ஒருத்திக்குத்தான் அநியாயம் நடந்தது, அதுவும் கைத்தவறு. பார்க்க வந்த தம்பியிடம், உன் குழாயாவது குவாண்டமாவது, சுவிட்சை அணைத்தது போல இருந்ததடா என்று சொல்லிப் பாதிக் கஞ்சியைக் குடித்தாள். அந்தப் பகலைப் போல ஒரு நல்ல பகல் அவளுக்கு ஒன்பது வருஷத்தில் வாய்க்கவில்லை.

நாலு மணிக்கு மேடமும் சிஸ்டரும் வந்தார்கள். மேடம் கையில் ஒரு தாள் இருந்தது.

"மறைக்கக் கூடாதுன்னு சொன்னீங்க," என்றார்.

காலையில் பத்து மணி பதினாலு நிமிஷத்துக்குக் கேட்டிருக்கிறார்கள்: அக்கா, நான் சொல்வது கேட்டால் கையை அழுத்துங்கள் என்று. அழுத்தியிருக்கிறாள். வலித்தால் இரண்டு தரம் அழுத்துங்கள் என்றார்கள். இரண்டாம் தரம் அழுத்தவில்லை. மருந்தின் அளவெல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, குறையே இல்லை. இருந்தும் கூட்டினார்கள், ஐந்து நிமிஷத்தில் பிடி தளர்ந்தது. இப்படிச் சிலருக்கு நடக்கத்தான் செய்கிறது, கையைப் பிடித்துக் கேட்டவர்களுக்கு அது தெரிகிறது, எழுந்த பிறகு அவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு ஞாபகமும் இருப்பதில்லை என்று மேடம் மெதுவாகச் சொன்னார்.

"ஒரு தடவை அமுக்கிப் பிடிச்சவங்க, அப்புறம் என் கையை விடவே இல்லக்கா நீங்க," என்றாள் சிஸ்டர். "விடுங்கன்னு சொல்லியும் விடல."

தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். நாலு நகம் பதிந்த தடம், கையுறையையும் மீறி, இன்னும் சிவந்திருந்தது.

காஸ் அக்கா தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அந்த நகங்கள் இவளுடையவைதான். பத்து பதினாலுக்கு யாரோ ஒருத்தி இவளுக்குள் இருந்து, கேட்டு, புரிந்து, சிஸ்டரின் கையைப் பற்றிக்கொண்டு விட மறுத்திருக்கிறாள். அவளுக்குப் பயமாக இருந்ததா? எதையாவது சொல்ல நினைத்தாளா? இனி எந்தக் காலத்திலும் தெரியப்போவதில்லை. தம்பியைப் பார்த்தாள். குழாயா, குவாண்டமா, எதுவானாலும் சரி, ஒரு பதில் சொல்லேன் என்று கெஞ்சுகிற பார்வை. எப்போதும் வாய் ஓயாதவன், எனக்குத் தெரியலக்கா என்றான்.

ஒரு மூடின அறையில் இருந்து தப்பித்து இன்னொரு மூடின அறைக்குள் மாட்டிக்கொண்ட மாதிரி ஆயிற்று அவளுக்கு. வீட்டில் படுத்திருந்த மூன்று வாரமும் அந்தக் கையைப் போர்வைக்கு வெளியே வைத்துக்கொண்டுதான் படுத்தாள். இவளுக்காவது பிடித்துக்கொள்ள ஒரு கை இருந்தது, கேட்டு எழுதிவைக்க ஒரு ஆள் இருந்தது. வலியும் இல்லை, ஞாபகமும் இல்லை. தையல்காரம்மாவுக்கு வலி இருந்தது, ஞாபகம் இருந்தது, கை மட்டும் இல்லை. அதற்குப் பிறகு பிடித்துக்கொண்ட ஒரே கையும் கனவு என்று சொல்லி உருவிக்கொண்டது. உணர்வு எங்கே இருக்கிறது என்று பெரிய மனிதர்கள் நூறு வருஷம் சண்டை போடட்டும். அன்றைக்கு அது மேஜைமேல் இருந்தது. இவளுக்கு அது தெரியும், ஒன்பது வருஷமாகத் தெரியும்.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள் சாயங்காலம் அவள் பின் சந்துக்குத் திரும்பவில்லை. நேரே நடந்தாள். தையல் விட்டுப்போன ஒரு பச்சைத் தியேட்டர் உடுப்பைக் கையில் வைத்திருந்தாள், சும்மா போய் நிற்கத் தைரியம் வேண்டுமே. கடை வாசலில் வந்து நின்றாள். உள்ளே தையல்காரம்மா முதுகைக் காட்டிக்கொண்டு மிஷினில் உட்கார்ந்திருந்தாள். பட்டப்பகல் போல வெளிச்சம் இருந்தும் இரண்டு குழல் விளக்கு எரிந்தது.

"இதைத் தைக்கணும்," என்றாள் காஸ் அக்கா.

மிஷின் நின்றது. அந்தம்மா திரும்பவில்லை.

"இன்னொரு தரம் பேசுங்க."

உடுப்பைத் தைக்கணும் என்று இன்னொரு முறை சொல்லலாம். சொல்லிவிட்டு, சீட்டு வாங்கிக்கொண்டு, வந்த வழியே போகலாம். தண்ணீர்த் தொட்டியும் சந்தும் அங்கேயேதான் இருக்கின்றன.

"டப்பா காலியா இருந்துச்சும்மா," என்றாள். "அது கனவில்ல. நான்தான் பாக்காம விட்டேன். கனவுன்னு சொன்னதும் நான்தான்."

தையல்காரம்மா திரும்பினாள். அடிப்பாள் என்று இவள் நினைத்தாள். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தாள். அந்தம்மாவோ ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள், எத்தனையோ வருஷம் வாய்க்குள் வைத்திருந்த கேள்வி.

"எவ்வளவு நேரம்?"

"பதினோரு நிமிஷம்."

"பதினொண்ணா," என்று சொல்லிப் பார்த்துக்கொண்டாள். "நான் ஒரு நாள் முழுக்கன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்."

பிறகு எழுந்து, அளவெடுத்து எழுதுகிற நோட்டையும் பென்சிலையும் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். எழுதச் சொன்னாள். எழுதினால் அது எங்கே போகும், எந்த மேஜைக்கு வரும், வேலை என்ன ஆகும் என்று காஸ் அக்காவுக்குத் தெரியாதா? இடுப்புச் சுற்றளவு, கை நீளம் என்று கோடு போட்டிருந்த பக்கத்தில் எழுதினாள். தேதி, காலி டப்பா, பதினோரு நிமிஷம், ஒரே இழுப்பில் போட்ட டிக், டாக்டர் சொன்னது, தான் சொன்னது. எழுத்து நிதானமாகத்தான் விழுந்தது. அடியில் காஸ் அக்கா என்றா போட முடியும்? தன் முழுப் பெயரையும் போட்டாள்.

அந்தம்மா உள்ளறையைப் பார்த்துப் புருஷனைக் கூப்பிட்டாள். துணி வெட்டுகிற கத்தரிக்கோலோடு அவர் வெளியே வந்தார். ஒவ்வொரு ராத்திரியும், எத்தனை வருஷம் ஆச்சு, எல்லாம் கனவு என்று விளக்கை அணைக்கிறவர் அவர்தான். நோட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

"படிங்க. சத்தமா."

அவர் படித்தார். பாதியில் குரல் இறங்கியது, கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுத் தொடர்ந்தார். தையல்காரம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். காஸ் அக்கா வாசலுக்கும் மேஜைக்கும் நடுவில் நின்றாள். போ என்றும் யாரும் சொல்லவில்லை, உட்கார் என்றும் சொல்லவில்லை. முடிந்ததும் அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"இன்னொரு தரம் படிங்க," என்றாள்.

அவர் மறுபடியும் தேதியில் இருந்து ஆரம்பித்தார்.